சிவப்பில் எழுதிய முப்பத்தாறு பெயர்

11

“நோய் வந்து போன பிறகு நீங்க போட்ட முதல் சட்டம் எது?”

“குப்பைச் சட்டம்” என்றார் இன்சோக்.

கேமராவைப் பார்க்காமல், கேள்வி வந்த பக்கம் பார்த்துச் சொன்னார். மகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“குப்பையா?”

“நாங்க பதினாலு பேர்தான் மிச்சம். கரண்ட் இல்லை. அரிசி இல்லை. அப்பவும் ஒருத்தர் பிளாஸ்டிக்கையும் மீன் முள்ளையும் ஒரே பையில போட்டுட்டார். உடனே கூட்டம் போட்டோம். உலகம் அழிஞ்சுபோச்சு, சரி. அதுக்காகப் பிரிச்சுப் போடாம இருக்க முடியுமா?”

அவர் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தார். நெற்றியில் நீச்சல் கண்ணாடி. மார்பில், பால் டப்பா அட்டையில் வெட்டிய வட்டம். அதில் ‘தலைவர்’ என்று எழுதியிருந்தது.

“கட்” என்றாள் சோல்மி. “ரொம்ப நல்லா இருந்ததுப்பா.”

“நான் நிஜமாத்தான் சொன்னேன்” என்றார் இன்சோக்.

கேமராவுக்குப் பின்னால் தோஹா சத்தமில்லாமல் சிரித்தான். கேள்வி கேட்டவனும் அவன்தான். அவன் சோல்மியின் தம்பி. இன்னும் இரண்டு பேர் சியோலில் இருந்து வந்த சோல்மியின் நண்பர்கள். ஒருவர் ஒலிக்கு, ஒருவர் உடைக்கு. மொத்தப் படக்குழு அவ்வளவுதான்.

வராத கொள்ளைநோயில் தப்பித்த பதினான்கு பேர் ஒரு சமுதாயத்தை மறுபடி கட்டுகிறார்கள். அதை ஒரு செய்திக்குழு நேரில் வந்து பதிவு செய்கிறது. உண்மை போலவே எடுக்கப்படும் பொய் ஆவணப்படம். தொலைக்காட்சி வேலையை விட்டுவிட்டு, இந்த ஒரு யோசனையோடு சோல்மி சொந்தச் சுரங்க ஊரான கொமுன்கோலுக்குத் திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. தலைவராக நடிக்க ஒப்புக்கொண்டவர் முதல் வாரத்திலேயே கழன்றுகொண்டார். போன வாரம் வேறு வழியில்லாமல் அப்பாவின் தலையில் கண்ணாடியை மாட்டினாள். நன்றாகப் பொருந்திவிட்டது.

அம்மா சுன்தோக் மட்டும் படப்பிடிப்பின் பக்கம் வரவில்லை. “செத்தவங்களை வெச்சு விளையாடாதே” என்று முதல் நாள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மறுநாளிலிருந்து தினமும் மதியச் சாப்பாடு மட்டும் அடுக்குப் பாத்திரத்தில் வந்தது.

இன்று கடைசி நாள். சுரங்கக் கம்பெனியின் மூன்றாவது தொகுதிக் குடியிருப்பில்தான் முழுப் படத்தையும் எடுத்திருந்தார்கள். நாளை காலை எட்டு மணிக்கு இடிக்கும் இயந்திரம் வருகிறது. நவம்பரில் இந்தப் பள்ளத்தாக்கில் சூரியன் நான்கு இருபதுக்கு மலைக்குப் பின்னால் போய்விடும். விளக்கு வாடகைக்கு எடுக்க வழியில்லை. சோல்மிக்கு இருந்த வெளிச்சம் அவ்வளவுதான்.

எடுக்க வேண்டியது ஒரே ஒரு காட்சி. பொதுக்கூடத்தின் சுவரில், நோயில் இறந்தவர்களின் பெயர்கள். பதினான்கு பேரும் அதன் முன் நிற்க, தலைவர் அவற்றைப் படிப்பார். படம் முடியும்.

சுவரை நேற்றுத்தான் எழுதி முடித்திருந்தாள். முப்பத்தாறு பெயர்கள், சிவப்பு மையில்.

*

பத்தரை மணிக்குக் கீழ் ஊரிலிருந்து பத்து பேர் வந்தார்கள். ஒன்பது பெண்கள், ஒரு மளிகைக்கடைக்காரர். எல்லாரும் சம்பளமில்லாத நடிகர்கள். முன்னால் வந்தவர் சாங்ஹோ அம்மா. மாதர் சங்கத் தலைவி. அவர் சரி என்றால்தான் மற்ற எட்டுப் பேரும் வருவார்கள்.

“சீக்கிரம் முடிச்சு விடு சோல்மி. கிம்ச்சிக்குக் கோஸ் உப்புல ஊறிக்கிட்டு இருக்கு. நானூறு தலை. அது உன் கேமராவுக்காகக் காத்திருக்காது.”

“ஒரு மணி நேரம்தான், சாங்ஹோ அம்மா.”

சாங்ஹோ அம்மா சுவரைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“மூணாவது வரி யார் எழுதினது?”

“நான்தான். எழுத்து சரியில்லையா?”

“எழுத்து நல்லாத்தான் இருக்கு. பியோன் மல்சுன். யாரு அது?”

“முன்னாடி சுரங்கத்துல வேலை பார்த்தவங்க. கம்பெனி ஆபீஸ்ல ஒரு பெட்டி நிறையப் பெயர்த் தகடு கிடந்தது. ‘விலகியோர்’னு எழுதியிருந்தது. எல்லாரும் ஊரை விட்டுப் போயிருப்பாங்க.”

“நான் எங்கேயும் போகலை” என்றார் சாங்ஹோ அம்மா. “உன் முன்னாடிதான் நிக்கறேன்.”

சோல்மிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறந்ததிலிருந்து இந்தப் பெண்களைப் பிள்ளைகளின் பெயரால்தான் அவளுக்குத் தெரியும். சாங்ஹோ அம்மா, மின்ஜு அம்மா, தையற்கடை இரட்டையர் அம்மா. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும் என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை.

“நாலாவது நான்” என்றார் மின்ஜு அம்மா.

“பதினொண்ணாவது என் தங்கச்சி” என்றார் இன்னொருவர். “போன வாரம்தான் அவளுக்கு மூட்டு ஆபரேஷன் ஆச்சு. டாக்டர் நல்லா நடப்பாள்னு சொன்னார். நீ கொன்னுட்டே.”

“எனக்குத் தெரியாது” என்றாள் சோல்மி. “நிஜமா எனக்கு...”

“சிவப்பு மையில உயிரோட இருக்கறவங்க பேரை எழுதினா என்னன்னு தெரியாதா?”

தெரியும். சிவப்பில் எழுதினால் அந்த ஆளுக்குச் சாவு வரும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தோழியின் பெயரைச் சிவப்புப் பேனாவால் எழுதிவிட்டு, பயந்து, பக்கத்தையே கிழித்துப்போட்டவள் அவள். தெரிந்ததால்தான் இந்தச் சுவருக்குச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தாள்.

சாங்ஹோ அம்மா இன்சோக்கின் பக்கம் திரும்பினார். பேச்சு மட்டும் சோல்மியிடம் இருந்தது.

“உங்க அப்பா ஒரு தடவை எங்க பேரை எல்லாம் வரிசையா எழுதிக் கொடுத்தார். வேலை போச்சு. இப்போ நீ எழுதியிருக்கே. இந்தத் தடவை எங்கே போகணும், சொல்லு.”

இன்சோக் அட்டை வட்டத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன், தொழிலாளர் பிரதிநிதியாக, சுரங்கத்தை மூடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். முதல் பட்டியலில் இருந்தவர்கள் நிலக்கரி பிரிக்கும் கொட்டகையின் பெண்கள். பாதிப் பேர் சுரங்கத்தில் கணவனைப் பறிகொடுத்தவர்கள்.

“இந்தச் சுவர்ல சில பேரு சரியாத்தான் இருக்கு” என்றார் சாங்ஹோ அம்மா. விரல் கடைசி வரியைக் காட்டியது. “நாம் கியோங்பில். அதையும் உங்க அப்பாதான் எழுத வெச்சார்.”

கியோங்பில் இன்னொரு பிரதிநிதி. கையெழுத்துப் போட மறுத்தவர். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் காலை அவருடைய காலணிகள் அணைக்கரையில் இருந்தன. உடல் கிடைக்கவில்லை. அவருக்குக் குடும்பம் என்று யாரும் இல்லை. அன்றிலிருந்து இன்சோக்கைக் கண்டால் கீழ் ஊர் பாதையின் மறுபக்கம் போய்விடும்.

சோல்மி கெஞ்சியதால்தான் இந்தப் பத்துப் பேரும் அவர் நிற்கும் சட்டகத்துக்குள் நிற்கச் சம்மதித்திருந்தார்கள். இப்போது ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மளிகைக்கடைக்காரரும் போனார். அவர் பெயர் சுவரில் இல்லை. இருந்தாலும் சாங்ஹோ அம்மாவை எதிர்த்து இந்த ஊரில் கடை நடத்த முடியாது.

*

“வெள்ளை அடிச்சுட்டு வேற பேரு எழுதலாம்” என்றான் தோஹா. “ஒரு மணி நேர வேலை.”

“யார் முன்னாடி நிக்கறது?”

“நாம நாலு பேரு. அப்பா.”

“அஞ்சு பேரை வெச்சு எப்படிடா சமுதாயம் கட்டறது?”

“நாலு பேரை வெச்சுப் படமே எடுக்கறோமே.”

சோல்மி சிரிக்கவில்லை. மணி பத்து ஐம்பது. ஐந்தரை மணி நேரம் மிச்சம்.

இன்சோக் ஒரு மூலையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து மழைக்கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“விட்டுடு சோல்மி. என்னை நடிக்க வெச்சிருக்கக் கூடாது. வேற யாராவது இருந்தா அவங்க இவ்வளவு பேசியிருக்க மாட்டாங்க.”

“பேரை எழுதினது நான்.”

“ஆனா அவங்க கோபம் என் மேல.”

“அப்பா, பொத்தானைப் போடுங்க. நான் போய்ட்டு வர்றேன்.”

“என்ன சொல்லப் போறே?”

“தெரியலை” என்றாள். நடந்துகொண்டே சொன்னாள். “போற வழியில யோசிக்கறேன்.”

கீழ் ஊருக்கு இருபது நிமிட நடை. யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் கால் நிற்கவில்லை.

*

குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாயை ஊரே சேர்ந்து போடுவதற்காக ஊர்க்கூடத்தின் முன்னால் நீல விரிப்பு போட்டிருந்தார்கள். உப்பில் துவண்ட நீளக் கோஸ் மலையாகக் குவிந்திருந்தது. சிவப்பு மசாலா நிறைந்த பெரிய தொட்டிகளைச் சுற்றிப் பதினைந்து பெண்கள் ரப்பர் கையுறைகளோடு குந்தியிருந்தார்கள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சோல்மியைப் பார்த்ததும் நின்றது.

அவர்களில் ஒருவராக அம்மாவும் இருந்தார். செய்தி முன்னமே வந்து சேர்ந்திருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

சோல்மி ஒரு ஜோடி கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, அழைக்காமலே, சாங்ஹோ அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒரு கோஸை எடுத்து இலை இலையாகப் பிரித்து மசாலாவைத் தடவினாள்.

“அடி இலையில போடாதே. நடுத்தண்டுல தடவு” என்றார் சாங்ஹோ அம்மா. “படம் எடுக்கத் தெரிஞ்ச கைக்கு இது தெரியாதா?”

“தெரியாது.”

“பேரும் தெரியாது, கிம்ச்சியும் தெரியாது. உனக்கு என்னதான் தெரியும்?”

“பிடிவாதம்” என்று எதிர்ப்பக்கம் யாரோ சொன்னார்கள். “அப்பன்கிட்ட இருந்து வந்தது.”

சோல்மி நடுத்தண்டில் தடவினாள். ஐந்து கோஸ் முடித்தாள். ஆறாவதை எடுக்கும்போது சொன்னாள்.

“நான் போய் எல்லாப் பேரையும் அழிச்சுடறேன். உங்ககிட்ட மன்னிப்பும் கேட்டுக்கறேன்.”

“நீ அழிப்பியா?” சாங்ஹோ அம்மாவின் கை நின்றது. “எழுதறதும் நீ, அழிக்கறதும் நீ. நடுவுல எங்களை யாராவது கேட்டாங்களா? அன்னிக்கும் இப்படித்தான். ஒரு காகிதத்துல எழுதினாங்க, இன்னொரு காகிதத்துல அடிச்சாங்க. அது என் பேரு. அழிக்கணும்னா நான்தான் அழிக்கணும்.”

சோல்மி நிமிர்ந்தாள்.

“அப்போ வந்து அழிங்க.”

“என்ன?”

“நீங்களே வந்து அழிங்க. உங்க பேரைச் சொல்லி, எங்கேயும் போகலைன்னு சொல்லி அழிங்க. கேமரா ஓடட்டும். அதுதான் கடைசிக் காட்சி. நான் எழுதி வெச்சதை விட அது நல்லா இருக்கும்.”

“எனக்கு வசனம் எல்லாம் வராது.”

“வசனம் இல்லை. இப்போ சொன்னீங்களே, அது போதும்.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மின்ஜு அம்மா மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார்.

“எனக்குச் சம்மதம். ராத்திரி சிவப்பு எழுத்தை நினைச்சுக்கிட்டுத் தூங்க முடியாது.”

“இதை யாரு செய்யறது?” சாங்ஹோ அம்மா கோஸ் குவியலைக் காட்டினார். “இருநூறுக்கு மேல இருக்கு. அஞ்சு மணி ஆகும். ஊறினதை அப்படியே விட்டா நாளைக்கு உப்புக்கட்டிதான். பாதி முதியோர் வீடுகளுக்குப் போகணும்.”

“மூணேகாலுக்கு முடிச்சுட்டா வருவீங்களா?”

“முடியாதுன்னு சொல்றேன்.”

“முடிச்சுட்டா?”

“முடிச்சா வர்றோம்” என்றார் சாங்ஹோ அம்மா, விட்டால் போதும் என்பதுபோல.

சோல்மி கையுறையைக் கழற்றி போனை எடுத்தாள்.

“யாரைக் கூப்பிடறே?” என்றார் சுன்தோக்.

“எல்லாரையும். தோஹா, அந்த ரெண்டு பேர், அப்பா.”

“அப்பா வேண்டாம்.”

“ஆள் வேணும்மா.”

“அவர் இருபத்தெட்டு வருஷமா இந்த வாசப்படி மிதிக்கலை.”

“இங்கே படியே இல்லைம்மா. போன வருஷம்தான் சாய்தளம் போட்டாங்க.”

யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். சுன்தோக் சிரிக்கவில்லை. மகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி தொட்டிக்குள் கையை விட்டார்.

*

இன்சோக் மழைக்கோட்டோடுதான் வந்தார். பொத்தானைப் போடச் சொன்ன மகள் கழற்றச் சொல்லவில்லையே. நெற்றியில் நீச்சல் கண்ணாடியும் இருந்தது.

விரிப்பின் ஓரத்தில் வந்து நின்றார். கோஸிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

“தலைவரே” என்றார் மின்ஜு அம்மா கடைசியில். “உலகம் அழிஞ்ச பிறகு நீச்சல் எதுக்கு?”

“தூசிக்கு” என்றார் இன்சோக்.

அதற்கு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. அவர் உள்ளே வர அது போதுமாக இருந்தது.

ஒலிக்காரர் கோஸைக் கழுவினார். உடைப்பெண் முள்ளங்கி சீவினாள். தோஹா தொட்டிகளைச் சுமந்தான். இன்சோக்குக்குப் பிழியும் வேலை. கழுவி வந்த கோஸை இரண்டு கையாலும் முறுக்கி நீரை வெளியேற்ற வேண்டும். சுரங்கத்தில் இருபது வருடம் இருந்த கை. அந்த வேலையை வேகமாகச் செய்தது.

ஒரு மணிக்கு நூற்று ஐம்பது மிச்சம். இரண்டு மணிக்குத் தொண்ணூறு. சாப்பிட யாரும் எழவில்லை. சோல்மி எண்ணுவதை நிறுத்தவில்லை.

“இன்னும் அழுத்திப் பிழியணும்” என்றார் சாங்ஹோ அம்மா, கோஸைப் பார்த்தபடி. “தண்ணி நின்னா புளிச்சிடும்.”

தன்னிடம்தான் சொல்கிறார் என்பது இன்சோக்குக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

“சரி” என்றார். இன்னும் அழுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து சாங்ஹோ அம்மா ஒரு குருத்திலையைக் கிழித்தார். நிறைய மசாலா தடவி, வேகவைத்த பன்றி இறைச்சித் துண்டு ஒன்றை வைத்துச் சுருட்டினார். கிம்ச்சி போடுமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் வாயில் ஒன்று ஊட்டுவது வழக்கம். பக்கத்தில் அப்போது இருந்தவர் இன்சோக். அவர் இரு கையிலும் கோஸ் இருந்தது. சாங்ஹோ அம்மா நீட்டிய கையை மடக்கவில்லை. இன்சோக் வாயைத் திறந்தார்.

“உப்பு எப்படி?”

மென்று விழுங்கிவிட்டு, “கொஞ்சம் கம்மி” என்றார்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள். சாங்ஹோ அம்மா கொடுத்ததில் குறை சொன்னவர்கள் அந்த விரிப்பில் யாரும் இல்லை.

“இன்னிக்குக் கம்மியாத்தான் இருக்கும்” என்றார் அவர். “நாளைக்கு ஏறும்.”

எதிர்ப்பக்கத்திலிருந்து சுன்தோக் கணவரைப் பார்த்தார். சோல்மி அதைக் கவனித்தாள். மகிழ்ச்சி என்று நினைக்க விரும்பினாள். ஆனால் அது வலி தாங்குகிறவரின் முகம்போல இருந்தது.

கடைசிக் கோஸ் மூன்று பத்துக்கு முடிந்தது.

*

மூன்று முப்பத்தைந்துக்குத் தோஹா கேமராவை இயக்கினான். மேற்கு ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்வாகச் சுவரில் விழுந்தது. பெயர்கள் எரிவதுபோல் தெரிந்தன. கீழே ஒரு வாளி சுண்ணாம்பு, ஒரு அகலத் தூரிகை.

“உங்க பேரு?” என்றான் தோஹா, செய்திக்குழுக் குரலில்.

சாங்ஹோ அம்மா கேமராவை நேராகப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று சோல்மி சொல்லியிருந்தாள். இப்போது சொல்லவில்லை.

“பியோன் மல்சுன்.”

“இத்தனை நாள் எங்கே இருந்தீங்க?”

“எங்கேயும் போகலை. கீழ் ஊர்ல சலவைக்கடை வெச்சிருக்கேன். உன் சட்டையைக்கூட நான்தான் வெளுத்தேன்.”

மூன்றாவது வரியின் மேல் தூரிகையை ஓட்டினார். சிவப்பு முழுவதும் மறையவில்லை. இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. இன்னொரு முறை பூசினார். போயிற்று.

“தாக் கும்ஜா” என்றார் மின்ஜு அம்மா. சொல்லிவிட்டு மறுபடி சொன்னார், மெதுவாக. “தாக் கும்ஜா. ரொம்ப நாளாச்சு இதைச் சொல்லி.”

பூசினார்.

பதினொன்றாவது வரிக்கு வந்தபோது அக்காக்காரி தயங்கினார். “தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கா. அவளால வர முடியாது. நான் அழிக்கலாமா?”

சோல்மி கேமராவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். “உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சவங்க அழிக்கலாம்.”

அதன் பிறகு வரிசை வேகமாக நகர்ந்தது. “இவ புசான்ல மகன் வீட்டுல இருக்கா, நேத்துதான் பேசினேன்.” “இவனா, டாக்சி ஓட்டறான், இன்னும் அதே பொய்தான்.” ஒரு பெயருக்கு யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. மளிகைக்கடைக்காரர் போனில் கூப்பிட்டார். மணி அடித்தது. நான்காவது மணியில் ஒரு கிழட்டுக் குரல், யார் என்று எரிந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெயரும் போயிற்று.

நான்கு மணிக்குச் சுவரில் எட்டு பெயர்கள் மிஞ்சியிருந்தன. அவை அழிக்க ஆளில்லாதவை. உண்மையிலேயே இறந்தவர்களுடையவை.

சோல்மி எழுதிய காட்சியில் முப்பத்தாறு பெயர்கள் இருந்தன. கற்பனையான ஒரு நோயால் இறந்தவர்கள். இப்போது கூடத்தில் யாரும் நடிக்கவில்லை. இன்சோக் முன்னால் வந்தார். படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சற்று நிறுத்தினார். பின்னால் பெண்கள் தலை குனிந்து நின்றார்கள். இரண்டு பேர் அவரவர் கணவரின் பெயருக்குக் காத்திருந்து, கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஏழு பெயர்கள் முடிந்தன.

“நாம்” என்றார் இன்சோக். கடைசி வரியில் விரலை வைத்தார். “நாம்...”

“அதைப் படிக்காதீங்க.”

கதவருகிலிருந்து சுன்தோக் வந்தார். ஐந்து வாரத்தில் முதல் முறையாகச் சட்டகத்துக்குள் வந்தார். கையில் மசாலா நிறம் இன்னும் இருந்தது. வாளியிலிருந்து தூரிகையை எடுத்தார். கடைசி வரியின் மேல் ஓட்டினார். இளஞ்சிவப்பாயிற்று. மறுபடி ஓட்டினார்.

நாம் கியோங்பில் என்ற பெயர் மறைந்தது.

“சோல்மி அம்மா” என்றார் இன்சோக். “என்ன பண்றே?”

“தெரிஞ்சவங்க அழிக்கலாம்னு அவ சொன்னாளே.”

“உனக்கு என்ன தெரியும்?”

“உயிரோட இருக்கார்.”

சாங்ஹோ அம்மா பின்னால் கையைத் துழாவி, தட்டுப்பட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்தார். இன்சோக் நீச்சல் கண்ணாடியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இருபத்தெட்டு வருஷமா வருஷம் தவறாம அவனுக்குப் படையல் போடறேன்” என்றார். குரல் உயரவில்லை. “கேட்க ஒரு நாதி இல்லாதவன்னு. அந்தச் சோத்தை நீதானே வடிச்சே.”

“நான்தான் வடிச்சேன். இந்த வருஷம் சொல்லிடணும், இந்த வருஷம் சொல்லிடணும்னு நினைச்சுக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் வடிச்சேன்.”

தோஹாவின் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். சோல்மி அவனைப் பார்க்கவில்லை. சட்டகத்துக்குள் நின்ற இரண்டு பேரை, இதற்கு முன் பார்த்தே இராதவர்களைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுன்தோக் அப்போதுதான் கேமராவைக் கவனித்தார்.

“மீதியை வீட்டுல பேசிக்கலாம்” என்றார்.

“வேண்டாம்” என்றார் இன்சோக். “என்னை ஏசினவங்க எல்லாம் வெளியில வெச்சுத்தான் ஏசினாங்க. இதையும் இவங்க முன்னாடியே சொல்லு.”

யாரும் வெளியே போகவில்லை. வெயில் சுவரின் மேல் பாதிக்கு ஏறியிருந்தது. சோல்மி கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது.

“ஓடட்டும்” என்றாள் தம்பியிடம்.

சுன்தோக் தூரிகையை வாளியில் போட்டார். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கணவரைப் பார்க்காமல், சாங்ஹோ அம்மாவைப் பார்த்துப் பேசினார்.

“காலணி கிடைச்ச அன்னிக்கு, விடியறதுக்கு முன்னாடி, அவரைக் கடற்கரைக்குப் போற பஸ்ல ஏத்திவிட்டது நான்தான்.”